போர்வைக்கு எதற்கு அளவு

சோழவந்தானைத் தாண்டி, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவில் ஒரு சின்ன மடம் இருந்தது. அங்கே குருவாக இருந்தவர் குழந்தைசாமி. பேர் மட்டுமல்ல, ஆளும் இளசுதான். முந்தின பெரியவர் கண்ணை மூடுமுன் இவரைக் கைகாட்டிவிட்டுப் போனபோது இவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

சீடர்களில் மூத்தவர் சௌந்தரபாண்டி. குருவுக்கு அப்பா வயது. துறவு வாங்கினால் பழைய பேரும் பழைய தொழிலும் போய்விட வேண்டும் என்பார்கள். இவரிடம் இரண்டுமே ஒட்டிக்கொண்டு நின்றன. போடியில் பேர் எடுத்த தையல்காரராக இருந்தவர். தையல் கடையில் துணி வெட்டுகிறவரை மாஸ்டர் என்று கூப்பிடுவது வழக்கம். மடத்துக்கு வந்த பிறகும் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். குருவும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். குருவே சீடரை மாஸ்டர் என்று கூப்பிடும் மடம் வேறெங்காவது இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

அவர் போடியை விட்டு வந்தது பெரிய கதை இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனார். கூடப் போனவர்கள் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. மலையை விட்டு இறங்கி வேறு பக்கம் நடந்துவிட்டார். வீட்டில் மனைவி வெள்ளையம்மாளும், அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்த மகள் நாகஜோதியும் இருந்தார்கள். மகளிடம் பஞ்சாமிர்தம் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் அவரிடம் நேரான பதில் கிடையாது. சண்டை இல்லை, குடி இல்லை, இன்னொரு பெண் இல்லை. கால் திரும்பவில்லை என்பார். கேட்டவர்களுக்கு அது போதவில்லை. வயசாக ஆக அவருக்கே போதாமல் போயிற்று.

அந்த மகளுக்குக் கல்யாணம் என்ற செய்தி ஓர் ஆனி அமாவாசையன்று வந்தது. போடியிலிருந்து அமாவாசை தவறாமல் மடத்துக்கு வரும் பேச்சியம்மாள்தான் சொன்னாள். அவளுக்கு வீடு வெள்ளையம்மாளின் தெருவுக்கு அடுத்த தெரு. மாப்பிள்ளை கம்பத்தில் மெக்கானிக்காம், நல்ல பையனாம், ஆவணிக் கடைசி முகூர்த்தமாம். தாரை வார்த்துக் கொடுக்கத் தாய்மாமன் சம்மதித்துவிட்டாராம். இதைச் சொல்லும்போது மட்டும் பேச்சியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

மாஸ்டர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் குருவின் முன்னால் வந்து நின்றார்.

“சாமி, மகளுக்கு ஏதாவது செய்யணும்னு இருக்கு. விட்டுட்டு வந்தவன் சீர் செய்யலாமா?”

“என்ன செய்யப் போறீங்க?”

“ஒட்டுத்துணியில ஒரு போர்வை. கையாலயே தைக்கலாம்னு.”

“கை இருக்குல்ல. தைங்க.”

“தப்பில்லையே சாமி?”

“நூல் இருக்கா?” என்று கேட்டார் குரு.

தப்பா இல்லையா என்று மாஸ்டருக்கு மறுபடி கேட்கத் துணிவு வரவில்லை.

மறுநாளிலிருந்து மாஸ்டர் திருவோட்டுக்குப் பதில் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். சோழவந்தான் கடைத்தெருவில் இருக்கும் தையல் கடை ஒவ்வொன்றிலும் போய் நின்றார். ரவிக்கை வெட்டி மிஞ்சிய துண்டுத் துணி கொடுங்கள் என்று கேட்டார். சாமியார் துண்டுத் துணி கேட்பதைப் பார்த்துக் கடைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அவர் அதைக் கையில் எடுத்து நெசவு பார்க்கிற விதத்தைப் பார்த்துவிட்டு, பிறகு மரியாதையாக மூட்டை கட்டிக் கொடுத்தார்கள்.

பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தார். கல்யாணத்துக்குப் போகிற போர்வை என்பதால் கறுப்பு ஒரு துண்டும் கூடாது. தனி வெள்ளையும் கூடாது. உடம்பில் பட்ட பழந்துணி ஒரு இழைகூட ஆகாது. கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில் கழுத்து நிறம் என்று அவர் பரப்பி வைத்தபோது மடத்துக் கூடமே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. எல்லாம் யார் யாரோ பெற்ற பெண்களுக்குத் தைத்த முகூர்த்த ரவிக்கைகளின் மிச்சம். அதை அவர் உணராமல் இல்லை. உணர்ந்ததால்தான் ஒரு துண்டைக்கூட வீணாக்கவில்லை.

தையல் மெஷின் இரவல் தருவதாக ஒரு கடைக்காரர் சொன்னார். மாஸ்டர் மறுத்துவிட்டார். ஒவ்வொரு துண்டையும் ஓரம் மடித்து, பக்கத்துத் துண்டோடு சேர்த்து, கையாலேயே தைத்தார். கண் மங்கிவிட்டதால் ஊசியில் நூல் கோக்கத்தான் அவருக்கு வரவில்லை. காலைப் பூசை முடிந்ததும் குரு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு வேண்டிய ஊசிகளில் எல்லாம் நூல் கோத்து, ஒரு வாழைமட்டையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவார். இது மடமா டெய்லர் கடையா என்று மடப்பள்ளியில் முணுமுணுப்பு எழுந்தது. குரு காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் இன்னும் சீக்கிரமாகவே வந்து உட்கார்ந்தார்.

ஆடி அமாவாசைக்குப் போர்வை முடிந்துவிட்டது. கூடத்தில் விரித்துப் போட்டார்கள். முணுமுணுத்தவர்களும் வந்து பார்த்தார்கள். தையல் எங்கே ஓடுகிறதென்று தேட வேண்டியிருந்தது, அப்படிப்பட்ட வேலை. தான் செய்ததில் மாஸ்டருக்கும் பெருமைதான். அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

பேச்சியம்மாள் குனிந்து தடவிப் பார்த்தாள்.

“இம்புட்டு நல்லாத் தைக்கிற கை, மாஸ்டரண்ணே. முகூர்த்தத்துக்கு ஒரு ரவிக்கை தைச்சுக் குடுத்திருந்தா அந்தப் புள்ள போட்டுக்கிட்டு மணவறையில உக்காந்திருக்குமே.”

“ரவிக்கைக்கு அளவு வேணும் தாயி. போர்வைக்கு எதுக்கு அளவு?”

அவள் சரிதான் என்று தலையாட்டிவிட்டு, பிரசாதம் வாங்கப் போனாள். குரு போர்வையின் ஓரமாக நின்றிருந்தார்.

“போர்வைக்கு அளவு வேண்டாமா மாஸ்டர்?”

“ஒரு ஆள் படுக்கிற நீளம் இருந்தாப் போதும் சாமி.”

“எந்த ஆள்?”

மாஸ்டர் யோசித்தார். அவர் நல்ல உயரம், மடத்து நிலைப்படியில் தலை இடித்துக்கொள்ளாத நாளே கிடையாது. வெள்ளையம்மாள் அவர் தோளுக்கு வருவாள். உள்ளங்கையைக் கவிழ்த்துத் தன் தோளுக்கு நேரே வைத்துக் காட்டினார்.

“இம்புட்டு இருப்பா. அவங்க அம்மா மாதிரி.”

குரு அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போர்வையை மடிக்க அவரே ஒரு முனையைப் பிடித்தார்.

நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று யாரும் மாஸ்டரிடம் சொல்லவில்லை. போர்வையைப் பேச்சியம்மாள் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டு, அந்த மாதம் முழுக்க அவர் அமாவாசையை எண்ணிக்கொண்டிருந்தார். மகள் வாங்கிக்கொள்வாளா, தூக்கி எறிந்துவிடுவாளா என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பு இல்லை. தியானத்தில் உட்கார்ந்தால் போர்வைதான் வந்தது. இதைக் குருவிடம் அவரே சொல்லி வருத்தப்பட்டார். வந்தால் வரட்டும் என்றார் குரு.

ஆவணி அமாவாசையும் வந்தது. பேச்சியம்மாள் சுற்ற வேண்டியதற்கு மேலேயே மடத்துச் சன்னதிப் பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் தூண் ஓரமாகக் காத்திருந்தார். அவள் வந்து உட்கார்ந்ததும் குருவும் வந்தார்.

முதலில் வெள்ளையம்மாள்தான் போர்வையை வாங்கினாளாம். மேல் பக்கத்தைப் பார்க்கவே இல்லையாம். திருப்பிப் போட்டு அடிப்பக்கத் தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாளாம். யார் தைத்தது என்று மகளுக்குச் சொல்ல வேண்டியதும் பேச்சியம்மாள் தலையில்தான் விழுந்தது.

“புள்ள என்ன சொல்லுச்சு?” என்று மாஸ்டர் கேட்டார்.

“படுத்து, மேல போத்திப் பாத்துச்சு.”

“பாத்துட்டு?”

“கால் வெளிய வந்துருச்சுண்ணே. இழுத்துக் காலை மூடுனா நெஞ்சுக்கு மேல இல்ல. புள்ள உங்களாட்டம், நல்ல உசரம். விரிச்சுக் கிடக்கையில பெரிசாத்தான் தெரிஞ்சது, எனக்கும் தோணல.”

மாஸ்டர் தூணில் சாய்ந்தார். பேச்சியம்மாள் அதோடு நிறுத்தப் பார்த்தாள். குரு மீதியையும் சொல்லச் சொன்னார்.

“‘எங்கப்பாவுக்குத் தெரிஞ்ச அளவுக்குத் தைச்சிருக்காரு’ன்னுச்சு சாமி. கோவமாச் சொல்லல. சும்மா சொல்லுச்சு.”

போர்வை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, கொடியில் கிடக்கிறது என்றாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வைத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை.

பெற்ற மகள் வளர்ந்து எவ்வளவு உயரம் ஆனாள் என்றுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறோம் என்ற வெட்கம் மாஸ்டரைப் பிடுங்கித் தின்றது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

“உங்களுக்கு அப்பவே தெரியுமா சாமி?” என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டார்.

“எனக்கு எப்படித் தெரியும் மாஸ்டர்? நானும் அந்தப் புள்ளையப் பாத்ததில்லையே.”

கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் எழுந்து உள்ளே போய், பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தார். பேச்சியம்மாள் கையில் அதை வைத்தார். புள்ளையை நிற்க வைத்து உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் அளந்து, கூடவே போர்வையையும் எடுத்து யாரிடமாவது கொடுத்து அனுப்பு, எவ்வளவு குறைகிறதோ சேர்த்துத் தைத்துவிடுகிறேன், கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது.

குரு குறுக்கிட்டார்.

“மாஸ்டர், உங்க கடையில அளவு யாரு எடுப்பா?”

“நான்தான் சாமி.”

“கடையில வேற ஆள் இருந்தாங்கல்ல?”

“காஜா போட, பட்டன் வைக்க ஆள் இருந்தாங்க. அளவு மட்டும் வெட்டுறவன்தான் எடுக்கணும். இன்னொருத்தர் எடுத்த அளவுக்கு நான் கத்தரியே வைக்க மாட்டேன்.”

தொழில் பேச்சு என்பதால் சுருக்கென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தன் வாயால் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. குரு பேச்சியம்மாள் கையிலிருந்த நாடாவை வாங்கி, மாஸ்டரின் கழுத்தில் போட்டார்.

“என்னால முடியாது சாமி. கல்யாண வீட்டுக்குக் காவியோட போய் நிக்கிறதா? அபசகுனம்னு விரட்டுவாங்க.”

“வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுப் போங்க.”

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?”

“சாமியாராப் போக வேண்டாம். அப்பாவாப் போக முடியுமான்னு எனக்குத் தெரியல. தையல்காரராப் போங்க.”

மாஸ்டர் கெஞ்சிப் பார்த்தார். முழங்கால் வலி என்றார், பஸ்ஸில் உட்கார முடியாது என்றார். குரு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், போடிக்குப் போக உசிலம்பட்டி வண்டி காலையில் எப்போது வரும் என்று பேச்சியம்மாளிடம் விசாரித்தார்.

மறுநாள் மாஸ்டர் இரவல் வாங்கிய வெள்ளை வேட்டியில் அவள்கூடக் கிளம்பிப் போனார். அன்றே திரும்பிவிட்டார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து மடத்துக்கு வரும் கொடிக்கால் பாதையில் அவர் நின்று நின்று நடந்து வந்ததைப் பார்த்துவிட்டு, யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கால் கழுவிவிட்டு வந்து குருவின் எதிரில் உட்கார்ந்து, அவராகவே சொன்னார்.

வீட்டில் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்ததாம். தாய்மாமன் அவரைப் பார்த்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். வெள்ளையம்மாள் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாள், உட்காருங்கள் என்று சொல்லவில்லை. தலை நரைத்திருந்தது. அவரால் அந்தத் தலையைப் பார்க்க முடியவில்லை.

நாகஜோதி உள்ளிருந்து வந்தாள். நிலைப்படியில் குனிந்துதான் வந்தாள் என்று மாஸ்டர் இரண்டு தரம் சொன்னார். அவளிடம் என்ன பேசுவதென்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். கடைசியில் அளவெடுக்க வந்தேன் என்று மட்டும் சொன்னார். அவள் சுவரோடு சேர்ந்து நிமிர்ந்து நின்று, நாடாவின் ஒரு முனையை வாங்கித் தன் உச்சந்தலையில் தானே பிடித்துக்கொண்டாள்.

“காலில ஒரு தழும்பு இருக்கு சாமி. பெருவிரலுக்கு மேல. பெரிய காயமா இருந்திருக்கும் போல. எப்பப் பட்டுச்சோ, என்னத்துல பட்டுச்சோ. யாரு தூக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுனாங்களோ.”

இதைச் சொல்லிவிட்டு மாஸ்டர் வாய்விட்டு அழுதார். மடத்தில் இத்தனை வருஷத்தில் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. குரு அழட்டும் என்று விட்டுவிட்டார்.

“கேட்டீங்களா?”

“கேக்க வாய் வரல.”

“அந்தப் புள்ள ஏதாவது கேட்டுச்சா?”

“இல்ல சாமி. ஏன் போனீங்கன்னு கேக்கும்னு பயந்துக்கிட்டே இருந்தேன். கேக்கல. கேட்டிருந்தாக்கூடத் தேவலை.”

“போர்வை என்னாச்சு?”

“கொடியில இருந்து எடுக்கப் போனேன். ‘சேக்க வேண்டாம், இருக்கட்டும்’னு சொல்லிருச்சு. மடிச்சு அதுவே அது பெட்டியில வச்சுக்கிருச்சு. தாலி கட்டுற அன்னைக்கு வாங்கன்னு யாரும் சொல்லல. நானும் வரேன்னு சொல்லல. வந்துட்டேன்.”

வாங்கிக்கொண்டாள் என்பது ஒரு பக்கம் இருந்தது. குறையோடுதான் வாங்கிக்கொண்டாள் என்பது இன்னொரு பக்கம். மாஸ்டரின் மனசு இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டது. கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்துச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார்.

“சாமி, இனி அதுல ஒரு தையல்கூட நான் போட முடியாது. எம்புட்டுக் குறையுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்ததுதான் மிச்சம். அளவு வீணாப் போச்சு.”

குரு அந்த நாடாவைப் பார்த்தார். மாஸ்டரே மேலே கேட்டார்.

“தைக்காத துணிக்கு எதுக்குச் சாமி அளவெடுக்க அனுப்புனீங்க?”

“உச்சியில புள்ள பிடிச்சுக்கிச்சுன்னு சொன்னீங்க.”

“ஆமா சாமி.”

“கீழ் முனையை யாரு பிடிச்சா?”

“நான்தான். வேற யாரு பிடிப்பா?”

“முழங்கால் வலின்னு சொன்னீங்களே. எப்படிப் பிடிச்சீங்க?”

மாஸ்டர் நாடாவைச் சுருட்டுவதை நிறுத்தினார்.

“மண்டி போட்டேன் சாமி. மண்டி போட்டுத் தலையைத் தரையில வச்சாத்தான் அந்த எண்ணு என் கண்ணுக்குத் தெரிஞ்சது.”

“புள்ள காலை நகத்துச்சா?”

“நகத்தல. நான் எந்திரிக்கிற வரைக்கும் அப்படியேதான் நின்னுச்சு.”

“அதுக்குத்தான் அனுப்புனேன், மாஸ்டர்.”